மாலை போட்ட கார்த்திகை

2024 செப்டம்பர் 11, புதன்

இன்று தேனி எஸ்.பி. ஆபீசில் என் பெயரைப் பதிந்தாயிற்று. ஈப்போவில் பிறந்து, அங்கேயே ஒரு கிளினிக்கில் நோயாளிகளின் கார்டு எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்த தேவயானி, முப்பத்தேழு வயது, மலேசியக் குடிமகள் — இனி கம்பத்துக்குப் பக்கத்தில் கணவன் வீட்டில் இருக்கிறாள் என்று இந்த அரசாங்கத்துக்குத் தெரியும். என் அம்மாவுக்குத்தான் இன்னும் நம்பிக்கை வரவில்லை.

கல்யாணப் பத்திரம் மலாய் மொழியில் இருக்கிறது. ஆபீஸ் அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "என்னம்மா இது, எழுத்து இங்கிலீசு, வார்த்தை என்னமோ கெடக்கு" என்றார். மொழிபெயர்ப்பை எடுத்து நீட்டினேன். கவுன்டருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பழகியவள் நான், என்ன கேட்பார்கள் என்று தெரியாதா?

திரும்பும் வழியில் சின்னமனூரில் பஸ் நின்றபோது என் கணவர் குமரன் இறங்கி ஓடிப்போய் ஒரு கிலோ பன்னீர் திராட்சை வாங்கி வந்தார். சொந்தத் தோட்டம் முழுக்கத் திராட்சைக் கொடி வைத்திருக்கிறவர் காசு கொடுத்தா வாங்குவார்? கேட்டேன். "நம்ம தோட்டத்துது அண்ணன் பொறுப்பு தேவி. அவரக் கேட்டுத்தேன் கை வைக்கணும்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நானும் சிரித்துவிட்டுத் திராட்சையைத் தின்றேன்.

செப்டம்பர் 23, திங்கள்

ரேஷன் கார்டில் பெயர் சேர்க்க ஆதார் வேண்டுமாம். ஆதார் எடுக்க ஆறு மாதமாவது இங்கே வாழ்ந்திருக்க வேண்டுமாம். ஆஸ்பத்திரிக் காப்பீட்டுக்கு ரேஷன் கார்டு வேண்டுமாம். இப்படியே ஒன்றின் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு போகிறது. குமரனின் அண்ணன் கருத்தக்கண்ணன் அத்தானிடம் கேட்டேன். ஏலக்காய் வியாபாரத்துக்காக வாரத்துக்கு இரண்டு தரம் குமுளி ஏறி இறங்குகிறவர், பாதி மலையாளம் பேசுவார். "சாரமில்ல. மெல்லப் பாத்துக்கிருவோம்" என்றார். பரவாயில்லை என்று அர்த்தமாம்.

மாமனார் இறந்து வருடம் திரும்பப் போகிறது. அவர் இறந்ததால்தான் எல்லாவற்றையும் விட்டுவிட்டு இங்கே வந்தோம். இன்னும் சொத்து பாகம் பிரிக்கவில்லை. அதுவரை இந்த வீட்டில் ஒரு ஆணி அடிப்பதென்றாலும் அத்தான் சொல்ல வேண்டும்.

அக்டோபர் 9, புதன்

இருக்கிறது.

இரண்டு கோடு. இரண்டாவது தரமும் இரண்டு கோடு. குமரன் கிணற்றடியில் பல் துலக்கிக்கொண்டிருந்தார். போய்க் காட்டினேன். வாயில் நுரையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஈப்போவில் இரண்டு தரம் வந்து, இரண்டு தரமும் நிற்காமல் போனது. அவருக்கும் அது தெரியும். "இந்தத் தடவ நிக்கும் தேவி. இந்த மண்ணுல நிக்கும்" என்றார். அழுதார். நான் அழவில்லை, பயமாக இருந்தது.

சாயங்காலம் கிராம சுகாதார நர்ஸ் அனுசுயா வீட்டுக்கே வந்தார். குட்டையான பெண், வேகமான பேச்சு. இங்கே கர்ப்பம் என்றால் முதலில் கம்ப்யூட்டரில் ஏற்றி ஒரு நம்பர் வாங்க வேண்டுமாம். அந்த நம்பர் இல்லாமல் ஸ்கேனும் பிரசவமும் கஷ்டம், பிள்ளைக்குப் பிறப்புச் சான்றிதழும் வராதாம். எனக்கு ஆதார் இல்லை என்றதும் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். "பாஸ்போர்ட்ட வச்சு எழுதலாமான்னு பெரிய டாக்டரக் கேக்குறேன். உங்க வீட்டுக்காரர மட்டும் ஒருக்கா செண்டருக்கு வந்து, எம் பொண்டாட்டிதேன்னு கையெழுத்துப் போட்டுட்டுப் போகச் சொல்லுங்க. அம்புட்டுத்தேன்" என்றார்.

அக்டோபர் 14, திங்கள்

அத்தானின் மனைவி மாரீஸ்வரி அக்கா, மூன்று மாதம் முடியும்வரை வெளியே மூச்சு விடக் கூடாது என்கிறார். கண் பட்டுவிடுமாம். அதனால் குமரன் நர்சிடம் இப்போது போக வேண்டாமாம். சரி, இவர்கள் வழக்கம். நானும் இரண்டு தரம் சீக்கிரமே ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டுப் பட்டவள்தானே.

நவம்பர் 4, திங்கள்

விசா நீட்டிப்புக்கு விண்ணப்பம் போட்டேன். என் விசா ஜனவரி 14 வரை. அதற்குள் நீட்டித்தால்தான் இங்கே இருக்க முடியும், ஆதார் வரும், மற்றதெல்லாம் நடக்கும். கம்பத்தில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் காலையில் உட்கார்ந்தவள் மத்தியானம்தான் எழுந்தேன். போட்டோ பெரிதாக இருக்கிறது என்று தள்ளியது. சின்னதாக்கினால் மங்கல் என்று தள்ளியது. கடைக்காரர், "அக்கா, நீங்களே இந்தக் கடைய எடுத்து நடத்துங்க, நான் டீ குடிச்சிட்டு வாரேன்" என்று போய்விட்டார்.

குமரன் எழுதித் தந்த கடிதம்தான் முக்கியம். 'தேவயானி என் மனைவி. நாங்கள் ஒரே வீட்டில் சேர்ந்து வாழ்கிறோம். அவருக்கு நான் பொறுப்பு.' அவர் கையெழுத்து எப்போதும் போல வலது பக்கம் சரிந்து இருந்தது. எழுதி முடித்ததும் பேனாவை மூடாமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். என்ன என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்றார்.

இனி போலீஸ் வீட்டுக்கு வந்து விசாரித்து எழுத வேண்டும். அவ்வளவுதான் பாக்கி.

நவம்பர் 16, சனி

கார்த்திகை ஒன்று. குமரன் ஐயப்பனுக்கு மாலை போட்டிருக்கிறார்! முந்தாநாள் வரை பேச்சே இல்லை. நேற்று அத்தான், "நம்ம ரெண்டு பேரும் இந்த வருசம் மலைக்குப் போறோம்" என்றாராம், இன்று விடியற்காலையில் போட்டாயிற்று. இரண்டு பேரும் கறுப்பு வேட்டி, நெற்றி நிறையச் சந்தனம். கம்பம் ரோட்டில் இப்போதே குமுளி போகும் ஐயப்பன்மார்களின் வண்டி வரிசையாகப் போகிறது, ஊரே சரணம் போடுகிறது.

பிள்ளைக்காகத்தான் போட்டிருக்கிறார் என்று நினைத்தேன். கேட்கவில்லை, சொன்னால் பலிக்காது என்பார்கள். விரதம் முடியும்வரை தோட்டத்து மோட்டார் ரூமில் படுக்கை. ஒரு பாய், ஒரு தலையணை, செருப்புக்கூட இல்லை. காலையில் வந்து நான் குளித்துச் சமைத்ததைச் சாப்பிட்டுப் போகிறார். என்னையும் சாமி என்றே கூப்பிடுகிறார். எனக்குச் சிரிப்பு வருகிறது. ஈப்போவில் நான் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவள். இங்கே பெயர் சொன்னால் அக்கா நாக்கைக் கடிக்கிறார், அதனால் என்னங்க. இப்போது அதுவும் போய் சாமி.

நவம்பர் 20, புதன்

தடுப்பூசி நாள் என்று அனுசுயா தெருவுக்கு வந்தவர் என்னைப் பார்க்க உள்ளே வந்தார். எடை பார்த்தார், ரத்தக் கொதிப்பு பார்த்தார். "எங்கம்மா உங்க வீட்டுக்காரரு? இன்னும் கையெழுத்துப் போட வரலயே" என்றார். மாலை போட்டிருக்கிறார் என்றேன்.

கையிலிருந்த பட்டையைச் சுற்றாமல் என்னைப் பார்த்தார். "புள்ளத்தாச்சிப் பொண்டாட்டிய வச்சுக்கிட்டு மலைக்குப் போறாகளா? எங்க பக்கம் போக மாட்டாகளேம்மா. புள்ள பெறந்த பெறகுதேன் மால போடுவாக. ஊருல பாக்குறவுக இவன் பொண்டாட்டி முழுகாம இல்லன்னுல நெனைப்பாக."

எனக்கு இது தெரியாது. ஈப்போவில் எங்கள் தெருவில் யார் எப்போது மாலை போட்டார்கள் என்று யார் கவனித்தது? அக்காவிடம் கேட்டேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவர் நிமிராமலே, "ஆம்பளைக சமாச்சாரம்த்தா, நமக்கென்ன" என்றார்.

நவம்பர் 21, வியாழன்

குமரனிடம் கேட்டேன். "அண்ணன் நேந்துக்கிட்டாரு சாமி, தட்ட முடியல" என்றார். தட்டில் இருந்த தோசையைத் திருப்பித் திருப்பிப் போட்டார், சாப்பிடவில்லை.

டிசம்பர் 5, வியாழன்

எழுதத்தான் வேண்டும். எழுதாவிட்டால் நானே நாளைக்கு நம்ப மாட்டேன்.

பத்து மணிக்கு ஸ்டேஷனிலிருந்து ஏட்டையா வந்தார். வயதானவர், மரியாதையாகப் பேசினார். வாசலில் நாற்காலி போட்டோம். அத்தானும் குமரனும் கறுப்பு வேட்டியில் நின்றார்கள். "சாமி சரணம்" என்று அவரே கும்பிட்டார். நான் என் பாஸ்போர்ட்டையும் நகல்களையும் கொடுத்துவிட்டு டீ போட உள்ளே போனேன். சந்தோஷமாகத்தான் போனேன். இதோடு முடிந்தது என்று நினைத்துக்கொண்டு, நல்ல டம்ளராகப் பார்த்து எடுத்தேன். அடுப்படி ஜன்னல் வாசல் பக்கம் இருக்கிறது.

"இந்தப் பொண்ணு உங்களுக்கு என்ன ஒறவு சாமி?"

"தம்பி அங்கன மலேசியாவுல இருக்கையில கட்டுனது சாமி." இது அத்தான்.

"இப்பச் சேந்து இருக்காகளா?"

"இல்ல சாமி."

பால் பொங்கி அடுப்பு அணைந்தது. நான் அசையவில்லை.

"ஒத்து வரல சாமி. தம்பி மோட்டார் ரூம்புலதேன் படுக்குறான். தெருவுல யாரையும் கேளுங்க. அந்தப் பொண்ணு இங்கன ஒரு ரூம்புல இருக்கு. விசா முடியவும் ஊருக்குப் போயிரும்."

ஏட்டையா தாளைப் புரட்டும் சத்தம் கேட்டது. "ஆனா இவுக லெட்டர் குடுத்திருக்காகளே, சேந்து இருக்கோம்னு. நீங்க சொல்லுங்க சாமி." குமரனைத்தான் கேட்கிறார்.

நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சொல்லுங்க. சொல்லுங்க குமரன். ஒரு வார்த்தை.

"அண்ணன் சொன்னதுதேன்" என்றார்.

டம்ளரை வைத்துவிட்டு வெளியே போனேன். அங்கே அப்படிப் போவேன் என்று யாரும் நினைக்கவில்லை. "சார், எனக்கு நாலாவது மாசம் நடக்குது. இவரோட பிள்ளை. அவரையே கேளுங்க" என்றேன். ஏட்டையா எழுதுவதை நிறுத்தினார். அத்தான், "அதெல்லாம் எதுக்கு இப்ப" என்றார். ஏட்டையா குமரனைப் பார்த்தார். குமரன் கழுத்து மாலையில் தொங்கிய ஐயப்பன் டாலரைக் கையில் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தார். ஆமாம் என்றும் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை.

"நான் வீட்டுல சொல்றதத்தேன் எழுத முடியும்மா. மேல ஆபீசுல போயிப் பேசிப் பாருங்க" என்று ஏட்டையா எழுந்தார். டீ குடிக்கவில்லை. போகும்போது அவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

டிசம்பர் 6, வெள்ளி

தோட்டத்துக்குப் போய்க் கேட்டேன். மாலை போட்டவரிடம் சத்தம் போடக் கூடாதாம். போட்டேன்.

வெளிநாட்டுக்காரி பெண்டாட்டி என்று கவர்மெண்டில் ஏறிவிட்டால் பாகம் பதியும்போது அவர் பங்கை நிறுத்தி வைத்துவிடுவார்களாம். தோட்டமே முடங்கிப் போகுமாம். அண்ணனிடம் யாரோ சொன்னார்களாம். தை மாதம் பாகம் பதிந்துவிட்டால் பிறகு என்னைச் சரிபண்ணிக்கொள்ளலாமாம்.

சரிபண்ணிக்கொள்ளலாம். நான் என்ன மோட்டார் பம்பா?

"எப்ப முடிவு பண்ணீங்க?" என்று கேட்டேன். "புரட்டாசியிலயே" என்றார். அப்படியென்றால் அந்தக் கடிதம் எழுதும்போதே தெரியும். கையெழுத்துப் போடும்போதே, இதை இல்லை என்று சொல்லப் போகிறோம் என்று தெரியும். "அப்ப இந்த மாலை?" கொடியில் காய்ந்த இலையைக் கிள்ளிக்கொண்டிருந்தார். "சேந்து இல்லைன்னு ஊருக்குத் தெரியணும், அதுக்கா? சாமிய வச்சா?" அடுத்த இலையைக் கிள்ளினார்.

இருபது நாளா என் கையால சாப்பிட்டு, என்னை சாமி சாமின்னு கூப்பிட்டு — எப்படி முடிஞ்சுது உங்களுக்கு? ஈப்போவில் உங்கள் பெர்மிட் ஒவ்வொரு வருடமும் முடியும்போது நான்தானே லீவு போட்டுவிட்டு இமிகிரேஷனில் கூட வந்து நின்றேன்? அந்த ஆபீசர் அம்மா, இவன் உன்னை நிஜமாகவே வைத்துக் காப்பாற்றுகிறானா, விசாவுக்காகக் கட்டினானா என்று உங்கள் முன்னாலேயே கேட்டாளே. என்ன சொன்னேன் நான்? உங்களுக்குத் தெரியும்ல? தெரிஞ்சும்தானே...

இதற்கு மேல் இன்று எழுத முடியாது.

டிசம்பர் 7, சனி

காலையில் வந்தார். சாப்பாட்டை வாசலில் வைத்துவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

டிசம்பர் 12, வியாழன்

உத்தமபாளையத்தில் ஒரு வக்கீலைப் பார்த்தேன். கேட்டுவிட்டுச் சிரித்தேவிட்டார். "அப்பா சொத்து மகனுக்கு வருது. அதுல உங்க பாஸ்போர்ட் எங்கம்மா குறுக்க வருது? உங்க பேருக்கு நிலம் எழுதுனாத்தான் அது வேற கேள்வி. எந்த மகராசன் சொன்னாரு?"

வந்து அப்படியே சொன்னேன். குமரன், "வக்கீலு சொல்லிட்டுப் போயிருவாரு. நாளைக்கு நின்னு போச்சுன்னா நானும் எம் பங்கும் நடுத்தெருவுல" என்றார்.

சாயங்காலம் அக்கா என் அறைக்கு வந்து கதவோரம் நின்றார். உள்ளே வரவில்லை. "அந்த மகராசன் யாருன்னு கேட்டியாமே? குமுளியில டீக்கடையில எவனோ, எங்கயோ நடந்த கேசுன்னு இவருக்கிட்டச் சொல்லிருக்கான். இவரு பத்திரம் எழுதுறவருக்கிட்டக்கூடக் கேக்கல. கேட்டா வெசயம் வெளிய போயிருமாம்" என்றார். "உங்களுக்கு முன்னாடியே தெரியுமா அக்கா?" என்றேன். "தெரியும்த்தா. நான் சொல்லி இந்த வீட்டுல என்ன நடந்திருக்கு?" என்றார்.

மூன்று மாதம் மூச்சு விடாதே என்று சொன்னதும் இவர்தான். அது கண் படக் கூடாது என்றா, ஏட்டையா காதில் விழக் கூடாது என்றா? கேட்கவில்லை. கேட்டிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பார் போல இருந்தது.

ஒரு டீக்கடைப் பேச்சு. அதற்கு முன்னால் என் ஏழு வருடக் கல்யாணம் நிற்கவில்லை.

டிசம்பர் 19, வியாழன்

ஆபீசிலிருந்து போன் வந்தது, தேனி போனேன். செப்டம்பரில் மலாய்ப் பத்திரத்தைப் பார்த்த அதே அம்மாதான். நாற்காலி காட்டினார். விசாரணை அறிக்கையும் கடிதமும் முட்டிக்கொள்கின்றனவாம். "உங்க வீட்டுக்காரர் ஒருநாள் நேர்ல வந்து, சேர்ந்துதான் இருக்கோம்னு எழுதிக் குடுக்கட்டும். மறுபடி விசாரிக்கச் சொல்லுவாங்க. வருவாருல்ல?" என்றார். வருவார் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்? பழக்கம்தான்.

ஒருநாள். கம்பத்திலிருந்து தேனிக்கு ஒரு பஸ். அவ்வளவு இருந்தால் போதும். சொன்னேன். "மலைக்குப் போயிட்டு வந்து பாப்போம்" என்றார்.

டிசம்பர் 24, செவ்வாய்

இருமுடி கட்டிக் கிளம்பினார்கள். கோவிலில் ஊரே நின்றது. குமரன் தேங்காய் உடைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வேனில் ஏறினார். திரும்பிப் பார்க்கக் கூடாது என்பது விதியாம். அவருக்கு ரொம்ப வசதியான விதி.

வேன் போனதும் அனுசுயா கூட்டத்தை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். நம்பர் வாங்கியாயிற்று என்றார். பெரிய டாக்டரிடம் மூன்று தரம் போய் நின்றாராம், பாஸ்போர்ட்டை வைத்தே ஏற்றிவிட்டார்களாம். "கணவர் பேருன்னு கேக்குதும்மா. அவுக வரல. எழுதவா, விடவா?" என்றார். அத்தனை பேர் நடுவில் நின்றுகொண்டு, "முத்துக்குமரன்னு எழுதுங்க" என்றேன். சத்தமாகவே சொன்னேன். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

டிசம்பர் 29, ஞாயிறு

வந்துவிட்டார்கள். மாலையைக் கழற்றிவிட்டுச் சவரம் செய்து, பழைய குமரனாக வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். அரவணைப் பாயசம் டின்னை நீட்டினார். வயிற்றில் கை வைக்கப் பார்த்தார். நகர்ந்தேன்.

"நாளைக்குத் தேனி போகலாமா?" என்று கேட்டேன். கடைசித் தரம் கேட்கிறேன் என்று எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியுமோ என்னவோ.

"பாகம் பதிய தை ஏழுக்கு நாள் பாத்தாச்சு தேவி. இப்பப் போயி எழுதிக் குடுத்தா அண்ணன் கையெழுத்துப் போட மாட்டாரு. நீ ஒருக்கா ஊருக்குப் போயி அம்மாவப் பாத்துட்டு வா. தை முடியவும் புது விசா எடுத்து நானே கூட்டியாரேன். நம்மளுக்குள்ள என்ன?"

நம்மளுக்குள்ள என்ன! அதைத்தான் ஏட்டையாவும் கேட்டார்.

அம்மாவுக்குப் போன் செய்தேன். வரட்டுமா என்றேன். எதற்கு, என்ன ஆச்சு என்று எதுவும் கேட்கவில்லை. "முன்னறையைக் காலி பண்ணி வைக்கிறேன்" என்றார்.

2025 ஜனவரி 6, திங்கள்

விண்ணப்பத்தைத் திரும்பப் பெறுவதாக எழுதிக் கொடுத்துவிட்டேன். ஆபீஸ் அம்மா என் வயிற்றைப் பார்த்தார். "அவசரப்படாதீங்கம்மா, பேசிப் பாருங்க" என்றார். பேசுகிறவர்களிடம் பேசலாம்.

அனுசுயா என் ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் எல்லாவற்றையும் நகல் எடுத்து ஒரு கவரில் போட்டுக் கொண்டுவந்தார். "அங்கன டாக்டரம்மாகிட்டக் காட்டுங்க. புள்ள நல்லா இருக்கு. அதுக்கு யாரு மேலயும் கோவமில்ல" என்றார். அவரைக் கட்டிப்பிடித்து அழுதேன். இந்த ஊரில் நான் அழுதது அவரிடம் மட்டும்தான்.

ஜனவரி 11, சனி

திருச்சி விமான நிலையம். உள்ளே உட்கார்ந்து எழுதுகிறேன்.

வாடகைக் காரில் குமரன்தான் கொண்டுவந்து விட்டார். வழியெல்லாம் நன்றாகப் பேசினார், அதுதான் தாங்கவில்லை. திண்டுக்கல்லில் இறங்கி இளநீர் வாங்கிக் கொடுத்தார். முதுகுக்குத் தலையணை வைத்தார். அத்தனையும் நிஜமான அக்கறை. என்னைப் பிடிக்காமல் செய்யவில்லை, அதுதான் எனக்கு ஆறவே இல்லை. வெறுத்திருந்தால் போடா என்று வந்திருப்பேன். பிடித்திருந்தும் செய்தார்.

வாசலில் டிக்கெட் இருப்பவர்கள் மட்டும் என்றார்கள். "பத்திரம் முடியவும் வந்துர்றேன்" என்றார். பெட்டியை நானே தள்ளிக்கொண்டு உள்ளே வந்தேன்.

பிப்ரவரி 12, புதன் — ஈப்போ

பாகம் பதிந்து முடிந்ததாம். யாரும் எதையும் நிறுத்தவில்லையாம். பத்திரத்தைப் போட்டோ எடுத்து அனுப்பியிருந்தார், கீழே மூன்று கும்பிடு. பதில் போடவில்லை.

பிப்ரவரி 13, வியாழன்

போட்டேன். "வாழ்த்துகள்."

ஜூன் 3, செவ்வாய்

மகன். மூன்று கிலோ நூறு. நின்றுவிட்டான்!

ஆகஸ்ட் 14, வியாழன்

குமரன் வந்து பத்து நாள் ஆகிறது. சுற்றிப் பார்க்க வருகிறவருக்கு யாரும் கடிதம் தர வேண்டியதில்லை, அதனால் அவரே வந்துவிட்டார். கூடத்தில் படுத்துக்கொள்கிறார். அம்மா நேரத்துக்குச் சோறு போடுகிறார், அதற்கு மேல் பேசுவதில்லை. மகன் இனியனுக்கு அவர் மூக்கு. மறுக்க முடியாது, மறுக்க எனக்கு ஆசையும் இல்லை.

இன்று அரசாங்க கிளினிக்கில் இனியனுக்கு ஊசி. நர்ஸ் கார்டை நிரப்பிக்கொண்டே, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நின்றவரைக் காட்டி, இவர் யார் என்று கேட்டாள். "என் கணவர், குழந்தையின் அப்பா" என்றேன். அவள் தலையை நிமிர்த்தக்கூட இல்லை. எழுதிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள். நான் சொன்னது மலாயில்தான், ஆனால் அவருக்கு அவ்வளவு மலாய் தெரியும். குழந்தையின் தலைமேல் முகத்தை வைத்துக்கொண்டு திரும்பி நின்றுவிட்டார். ஊசி போட்டுக் குழந்தை அழுது ஓய்ந்த பிறகும் திரும்பவில்லை.

பஸ்ஸுக்கு நிற்கும்போதுதான் பேசினார். "எம் பங்க அண்ணனுக்கே குத்தகைக்கு விட்டுட்டேன் தேவி. இங்கனயே இருந்துக்கிறேன். நீ கூட வந்து சொன்னாத்தேன் பெர்மிட் தருவாக. நாளைக்கு இமிகிரேஷன் போவமா?"

இனியனுக்கு ஊசி போட்ட தொடை லேசாக வீங்கியிருந்தது. அவனை வாங்கி என் தோளில் போட்டுக்கொண்டேன்.

"உங்களுக்கு டிக்கெட் ஞாயிற்றுக்கிழமை தானே?" என்று கேட்டேன்.

"ஆமா" என்றார்.

இரண்டு நாளாக இங்கே மழை. சனிக்கிழமை காலையிலேயே அவர் துணிகளைத் துவைத்துப் போட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் பெட்டி கட்டுவதற்குள் காயாது.